நான் நிரப்பிய வெள்ளிக்கிழமைகள்

பயிற்சியின் முதல் நாளில் உங்களுக்கு ஒரு கையேடு தந்திருப்பார்கள். தடித்தது. அதை முழுக்க வாசித்தேன் என்று உங்களில் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அதில் பாதியை எழுதிய நானே மற்றப் பாதியை வாசித்ததில்லை. ஆனால் களப் பதிவு பற்றிய பகுதியில் ஒரு வரி இருக்கிறது. ‘அளவெடுக்காத நாளை வெறுமையாக விடவும், எடுக்காத காரணத்தை எழுதவும்.’ இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். சொல்லித்தர வேண்டித்தான் இருந்தது, அதுவும் பல வருட அனுபவமுள்ள ஒருத்திக்கு. அந்த ஒருத்தி நான்.

ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. சிலாபத்தில் வீட்டோடு இருக்கிறேன். காலையில் சந்தைக்குப் போய் மீன்காரர்களோடு வாய்கொடுத்துவிட்டு வருவதுதான் இப்போதைய கள ஆய்வு. உங்கள் பணிப்பாளர் ஒரு காலத்தில் என் கீழ் வேலை பழகியவர். புதிதாக வந்த உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். சாதனைகளை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவை ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன, தூசு தட்டிப் பாருங்கள். நான் எழுதப்போவது நான் செய்த பெரிய பிழையை. அதில் என்னைவிட நல்ல மனிதர் ஒருவர் வருகிறார், அதனால் எழுத ஆசையாகவும் இருக்கிறது.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் ஒன்று சேர்ந்து கடல்களையும், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்புகளையும் வானில் சுற்றும் செய்மதியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தன. மேலே இருந்து பார்ப்பது சரியா என்று அறிய, கீழே ஒருவர் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் அதனதன் பக்கத்துத் தண்ணீர். எங்களுக்குப் புத்தளம் களப்பு. களப்பின் நடுவே வெள்ளைக் கொடி கட்டிய ஒரு கம்பை நட்டோம். செய்மதி பகல் ஒன்றரை மணியளவில் எங்கள் தலைக்கு மேலால் போகும். அந்த நேரத்தில் ஒரு படகு கம்படியில் நின்று தண்ணீரின் சூடு, உப்பு, தெளிவு மூன்றையும் அளக்க வேண்டும். பூமி முழுவதையும் கவனிக்கும் பெரிய வேலையில் எங்கள் பங்கு அந்த ஒரு கம்பு. அதை நினைத்து நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வேலை தொடங்குவதற்கு முன் கொழும்பில் ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் திட்டத்தில் ‘ஒவ்வொரு நாளும்’ என்று எழுதியிருந்ததை ஒரு அதிகாரி விரலால் தட்டிக் காட்டினார். “ஒவ்வொரு நாளுமா? உங்கட புத்தளத்தில வெள்ளிக்கிழமையும் வேல நடக்குமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். புத்தளத்தில் முஸ்லிம்கள் அதிகம் என்பதுதான் அந்தக் கிண்டல். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். எனக்கு உச்சி கொதித்தது. “நடக்கும்” என்றேன். படகுக்காரர் யாரென்றே அப்போது முடிவாகவில்லை. யாரிடமும் கேட்காமல், கோபத்தில், எல்லோர் முன்னும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பிறகு கிடைத்த படகுக்காரர்தான் அன்சார் நானா; ‘நானா’ என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன். மன்னார்க் கரையில் பிறந்து வளர்ந்தவர். தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டி வந்தபோது, கல்யாணம் முடித்த புதிதில், மனைவியோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். கடல் தெரிந்த மனிதர், ஆனால் இந்தக் களப்பில் அவருக்கென்று இடமில்லை. ஏற்கெனவே வலை போடுகிறவர்களுக்கே மீன் போதாத நிலையில், வந்தவர்களை யார் சந்தோசமாகச் சேர்த்துக்கொள்வார்கள்? உப்பளத்தில் கூலிக்குப் போனார், மற்றவர்களின் படகில் போனார், கடைசியில் எப்படியோ ஒரு பழைய படகைச் சொந்தமாக்கினார். அதன் பிறகும் அவர் பெயருக்கு முன்னால் ‘அகதி’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் வேலைக்கு வந்தபின்தான் அது உதிர்ந்தது. கரையில் அவரைக் ‘கொடிக்கம்பு நானா’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். களப்புத் தண்ணீர் பற்றிச் சந்தேகம் வந்தால் இறால் பண்ணைக்காரர்கள்கூட அவரிடம் வந்து கேட்பார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது, ‘ஆராய்ச்சிக்காரங்கட போட் ஓட்டுறவர், சொன்னா சொன்னதுதான்’ என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு யாரோ சொன்னார்களாம். அதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார்.

படகில் ஈரக் கையோடு எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அளந்தவுடன் கம்படியில் நின்றே எனக்குத் தொலைபேசி எடுப்பார். சலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. “எழுதுங்க மிஸ்” என்பதுதான் முதல் வார்த்தை. மூன்று எண்களையும் பாடம் ஒப்புவிப்பது போலச் சொல்வார். நான் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். புத்தகம் முழுவதும் என் கையெழுத்து. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் வாரம் வெள்ளிக்கிழமை தொலைபேசி வரவில்லை. நான் எடுத்துப் பார்த்தேன், தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். பின்னேரம் அவரே எடுத்தார்.

“என்ன நானா, போகல்லயா?”

“இண்டைக்கு வெள்ளி தானே மிஸ்” என்றார். தண்ணீர் ஏன் ஈரம் என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வது போல இருந்தது அவர் குரல்.

வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்மாத் தொழுகை முடியும் நேரமும் செய்மதி வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. தொழுதுவிட்டுக் கம்பு வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் செய்மதி எங்கேயோ போயிருக்கும். வேறு ஆள் பிடித்திருக்கலாமே என்பீர்கள். பிடித்தேன். எதிர்க்கரையிலிருந்து ஒரு தம்பி ஒரு வெள்ளிக்கிழமை போனார். கம்படியில் நங்கூரம் போட்டு நன்றாக மீன் பிடித்துவிட்டு, அளக்க மறந்து திரும்பி வந்தார். எனக்கும் இரண்டு மீன் தந்தார்.

புத்தகத்தில் அந்த வரி வெறுமையாகக் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் கொழும்பில் சிரித்தவர்களின் முகம் தெரிந்தது. ‘பார்த்தீங்களா, நாங்க சொன்னோம்தானே’ என்று அவர்கள் அன்சார் நானாவைப் பற்றிப் பேசுவது காதில் கேட்டது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். வியாழன் எண்ணையும் சனி எண்ணையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை எழுதினேன். அச்சொட்டாக நடுவில் வந்தால் சந்தேகம் வரும் என்று சற்றுக் கூட்டியும் குறைத்தும் எழுதினேன். அதே நீலப் பேனை, அதே கையெழுத்து.

களவு செய்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. ஒரு நல்ல மனிதரின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் ஒரு நாளில் எவ்வளவு மாறிவிடப் போகிறது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளமே தந்தார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்படியே ஏழு வருடம் போனது. அன்சார் நானாவுக்கு இது தெரியாது.

அந்த ஏழு வருடத்தில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவர் போனார். ஒரு மார்கழி மாதம். மேலே குளங்களின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள், ஆறு பெருகிக் களப்புக்குள் வெள்ளம் இறங்கிக்கொண்டிருந்தது. வியாழன் பகல் அவர் அளந்தபோது அது கம்படிக்கு வந்திருக்கவில்லை. பின்னேரம் அவருக்கு எடுத்தேன்.

“நானா, நாளைக்கு வெள்ளி எண்டு தெரியும். கேக்கவும் கூடாது. ஆனா இந்தத் தண்ணி ரெண்டு மூணு நாளையில கடலுக்குப் போயிரும்.”

“எத்தினை மணிக்கு மிஸ்?” என்றார்.

“வழமையான நேரம்தான்.”

“பள்ளி நேரம்.”

“ஓம் நானா.”

“பாப்பம் மிஸ்” என்று வைத்துவிட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டதே வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஒன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. காற்றும் மழையுமாக இரைச்சல். “எழுதுங்க மிஸ். உப்பு பதினொண்டு.”

“எத்தினை?”

“பதினொண்டு. ரெண்டு தரம் அளந்தனான். தண்ணி பால் தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு. தட்டு ஒரு சாண் இறங்கமுதல் மறைஞ்சிட்டுது.”

தெளிவை அளக்க நாங்கள் கயிற்றில் கட்டி இறக்கும் கறுப்பு வெள்ளைத் தட்டைத்தான் சொன்னார். அந்தக் களப்பில் உப்பு சாதாரணமாக முப்பதுக்கு மேலே நிற்கும். பதினொன்று என்பதை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. சந்தோசத்தில் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன். அன்றும் பின்வந்த இரண்டு நாளும் வானம் முழுக்க மேகம், செய்மதிக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் அவருடைய இஞ்சின் நின்றுபோய், படகு கரையோரக் கண்டல் மரங்களுக்குள் அடிபட்டு, கரைக்கு வந்து சேரப் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. இரண்டு நாள் படகு திருத்தத்தில் கிடந்தது. திங்கட்கிழமை போனபோது வெள்ளத் தண்ணீர் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஆக, அந்த வெள்ளத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அன்சார் நானா சொன்ன அந்த மூன்று எண்கள். அதற்காக அவர் ஒரு ஜும்மாவை விட்டார். அதைப் பற்றி நான் நன்றி சொல்லப் போனபோது, “மழைக்குப் பள்ளியிலயும் ஆக்கள் குறைவாம் மிஸ்” என்று சொல்லிக் கதையை மாற்றிவிட்டார்.

இப்போது எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்த கடிதத்துக்கு வருகிறேன். எங்களோடு சேர்ந்து வேலை செய்த வெளிநாட்டுக் குழு ஒன்றில் ஒரு இளம் ஆய்வாளர் இருந்தார். நான் முகம் பார்த்ததில்லை, மின்னஞ்சலில் மட்டும் பழக்கம். அவர் ஏழு வருடத்து எண்களையும் செய்மதி பார்த்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தார். மற்ற நாட்களில் இரண்டும் நன்றாகவே பொருந்துகின்றன, ஏழு நாளுக்கு ஒரு தடவை மட்டும் விலகுகின்றன என்று எழுதியிருந்தார். ‘உங்கள் களப்பில் ஏழு நாளுக்கு ஒரு தடவை ஏதாவது நடக்கிறதா?’ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். அதை வாசித்தவுடன் பதிவுப் புத்தகத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

கடிதத்தின் பிரதி எங்கள் தலைவருக்கும் போயிருந்தது. அவர் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார். “விளங்குதுதானே? படகுக்காரர் வெள்ளிக்கிழமை போகாம, சும்மா ஒரு நம்பர் சொல்லியிருக்கிறார். ஆளை மாத்துங்க. நாங்க ஒரு கடிதம் எழுதி விளக்கிவிடுவோம்.” அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இப்படி இருபது இடத்துத் தலைவலி. எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார், நான் பேசாமல் நுழைந்து போனாலே போதும். “பார்க்கிறேன் சேர்” என்றேன். ‘பார்க்கிறேன்’ என்ற அந்தச் சொல்லுக்காக இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை. மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தேன். பிள்ளைகளே, நான் தைரியசாலி என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த மூன்று நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் அன்சார் நானாவே அலுவலகத்துக்கு வந்தார். அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை. கையில் அளக்கும் சாமான்கள் வைத்திருக்கும் பெட்டி. மேசையில் ஒரு துவாயை விரித்து, கழுவித் துடைத்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“என்ட நம்பர்ல பிழையாம் எண்டு உங்கட ஒபிஸ் ட்ரைவர் தம்பி சொன்னார் மிஸ். பிழ சாமான்ல இருக்கா எண்டு பாருங்க.”

அவரே தொடர்ந்தார்.

“ஒருக்காத் தட்டைக் கழுவாம இறக்கினனான். கச்சான் காத்துக் காலத்தில ரெண்டு மூண்டு நாள் கம்புக்குக் கொஞ்சம் இஞ்சால நிண்டு அளந்தனான், போட் நிக்குதில்ல. அதுகளா இருக்குமோ?”

ஏழு வருடத்தில் அவர் விட்ட பிழைகள் அவ்வளவுதான். ஒன்றுகூட விடாமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“அது இல்ல நானா” என்றேன். “வெள்ளிக்கிழமை நம்பர்தான் பிழை எண்டு சொல்றாங்க.”

அவர் முகம் தெளிந்தது. நிம்மதியில் சிரித்தேவிட்டார். “அப்ப அது நான் இல்ல மிஸ். வெள்ளிக்கிழம நான் போறதே இல்லையே. போகாத நாளில எப்பிடிப் பிழ விடுற?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மிஸ்?”

“நீங்க வெள்ளிக்கிழமை போறல்ல எண்டு தெரிஞ்சா, உங்களப் பத்தி என்ன கதைப்பாங்களோ எண்டு…”

“நான் தொழப் போனத மறைச்சீங்களா?”

நான் புத்தகத்தை மூடினேன்.

“அதில மறைக்க என்ன மிஸ் இருக்கு? நான் ஒளிச்சா போனனான்?”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஏழு வருடம் நினைத்திருந்தேன். அவர் தலை நிமிர்ந்து செய்த ஒன்றை, வெட்கப்பட வேண்டிய ஒன்றாக நான்தான் ஆக்கியிருக்கிறேன் என்று அந்த நிமிடத்தில் விளங்கியது. கொழும்பில் சிரித்தவர்களோடு நானும் ஒருத்தியாகத்தான் இருந்திருக்கிறேன். மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டேன்.

“அழாதீங்க மிஸ்” என்றார். பிறகு கேட்டார்: “இப்ப அவங்க என்ன நினைக்கிறாங்க? போகாமலே, போனன் எண்டு நான் பொய் சொன்னன் எண்டா?”

“ஓம்.”

எழுந்து நின்றார். “மன்னாரில இருந்து வரேக்குள்ள கையில ஒண்டும் கொண்டு வரயில்ல மிஸ். இந்தப் பேர் இங்க வந்து சேத்தது.” அவ்வளவுதான் சொன்னார். பெட்டியை எடுக்காமல் போய்விட்டார். ஏழு வருடத்தில் அந்தப் பெட்டி ஒரு நாளும் அவர் வீட்டை விட்டு வேறிடத்தில் தங்கியதில்லை.

மறுநாள் எல்லாக் குழுக்களும் கணினித் திரையில் சந்திக்கும் கூட்டம் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயர் கடைசியில். நான் முதலிலேயே பேச அனுமதி கேட்டேன். வெள்ளிக்கிழமை எண்களைப் படகுக்காரர் சொல்லவில்லை, நான் எழுதினேன், அவருக்குத் தெரியாது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்த முகங்கள் அசையவில்லை. எங்கள் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதம் எழுதிய அந்த இளம் ஆய்வாளரை அன்றுதான் முதலில் பார்த்தேன். கடுமையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“வெறுமையாக விட்டிருக்கலாமே” என்றார் அவர். உண்மையாகவே விளங்காமல் கேட்டார். “எங்களுக்கும் பாதி நாள் வெறுமைதானே. மேகம் வந்தால் செய்மதிக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் மேகம் என்று எழுதிவிட்டு அப்படியே விடுகிறோம். எங்களுக்கு மேகம், உங்களுக்கு வெள்ளிக்கிழமை. இதில் என்ன இருக்கிறது?”

அன்சார் நானா கேட்ட அதே கேள்வி.

பிறகு முடிவுகள் வந்தன. எல்லா வெள்ளிக்கிழமைகளையும் அழிப்பது. காரணம் எழுதும் இடத்தில் ‘ஜும்மாத் தொழுகை, படகு செல்லவில்லை’ என்று எழுதுவது. மற்ற ஆறு நாள் எண்களும் நன்றாகப் பொருந்துவதால் தொடர் தப்பியது. படகுக்காரர் மீது எந்தக் குறையும் இல்லை என்று எல்லோருக்கும் எழுத்தில் தெரிவித்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். கூட்டு ஆய்வுக் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். பதிவுப் புத்தகம் ஒரு வருடத்துக்கு வேறு ஒருவரின் கைக்குப் போனது. எல்லாம் நியாயம்.

ஒன்றுக்காக மட்டும் மன்றாடினேன். “அந்த வெள்ளம் வந்த வெள்ளியை விடுங்கள். அது உண்மையான அளவு. அன்று அவர் போனார்.”

“ஆதாரம் இருக்கிறதா?” என்று கேட்டார்கள்.

“புத்தகத்தில் இருக்கிறது.”

“அது உங்கள் கையெழுத்துத்தானே” என்றார் ஒருவர், கொஞ்சம் சங்கடத்தோடு. “வெள்ளம் வந்தால் உப்புக் குறையும் என்று கரையிலிருந்தே யாரும் எழுதலாம் அல்லவா?”

அவர் கேட்டது சரி. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அன்சார் நானாவிடமும் எழுத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். என் ஞாபகத்துக்கு அன்று ஒரு மதிப்பும் இருக்கவில்லை. ஏழு வருடப் பொய்க்கு நடுவில் ஒரு உண்மையை அதே நீலப் பேனையால் எழுதி வைத்தவள் நான். எல்லா வெள்ளிக்கிழமைகளோடும் அதையும் அழித்தேன். காரணத்தை என் கையாலேயே எழுதச் சொன்னார்கள். எல்லா வரிகளுக்கும் ஒரே காரணம்தான். ‘ஜும்மாத் தொழுகை, படகு செல்லவில்லை.’ அந்த ஒரு வரியில் மட்டும் நான் இன்னொரு பொய் எழுதினேன், இந்தத் தடவை எல்லோருடைய அனுமதியோடும்.

படகுக்காரர் பற்றிய கடிதம் வந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். குறையில்லை என்று வந்த கடிதத்தை வாசித்துக் காட்டி, இனிப் புத்தகம் எழுதப்போகும் அலுவலகத் தம்பியின் நம்பரையும் கொடுத்தேன். வெள்ளத்து வெள்ளி பற்றி மட்டும் சொல்லவில்லை, வாய் வரவில்லை. அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் நானா வலையைப் பொத்திக்கொண்டே இருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து தட்டைத் தூக்கிப் பார்த்து, “கயிறு மாத்தோணும்” என்றார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் ஒன்றரைக்கு என் தொலைபேசி அடித்தது. “எழுதுங்க மிஸ்.”

“புத்தகம் இப்ப என்னிட்ட இல்ல நானா. தம்பிக்கு எடுங்க, நம்பர் தந்தேன்தானே.”

“தம்பிக்கும் சொல்லுறன். முதல்ல நீங்க எழுதுங்க.” அந்த ஒரு வருடமும் இரண்டு தரம் சொன்னார், முதலில் எனக்கு, பிறகு புத்தகத்துக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் யாருக்கும் எடுக்கமாட்டார்.

நான் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் சின்ன விருந்து வைத்தார்கள். எங்கள் கம்பின் எல்லா வருடத்து எண்களையும் ஒரு நீண்ட வரைபடமாக அச்சடித்து அன்சார் நானாவுக்குக் கொடுத்தேன். கீழே அவர் பெயர். மேசை நீளத்துக்கு விரித்துப் பார்த்தார். கோடு ஏறி இறங்கிப் போகும், ஏழு நாளுக்கு ஒரு தடவை ஒரு சின்ன இடைவெளி.

“இந்த ஓட்டையெல்லாம் என்ன மிஸ்?”

“நீங்க பள்ளிக்குப் போன நாள்.”

அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. விரலால் ஒவ்வொரு இடைவெளியாகத் தொட்டுக்கொண்டு போனார். “இது நோன்பு மாசம். இது மகள்ட கல்யாணத்துக்கு முந்தின கிழம” என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. எனக்குத் தெரியும் அது எந்த இடமென்று.

“வெள்ளம் வந்த வெள்ளி இதில தானே வரோணும்?”

“ஓம் நானா.”

“அண்டைக்கு நான் போனனானே மிஸ்.”

“போனீங்க” என்றேன். நான் அழித்ததையும், ஏன் அழிக்க வேண்டி வந்தது என்பதையும் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அந்த இடத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்றும் சொன்னேன்.

வரைபடத்தை நிதானமாகச் சுருட்டினார். சுருட்டி முடிக்கும் வரைக்கும் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப உங்கட பதிவில நான் ஒரு ஜும்மாவும் விடயில்ல மிஸ். அல்லாஹ்ட பதிவிலதான் ஒண்டு குறையுது.”

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

பிள்ளைகளே, இந்த வருடம் உங்களில் ஒருவரிடம் அந்தப் பதிவுகள் வரும். அதில் வெள்ளம் வந்த மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை வெறுமையாக இருக்கும். அதை நிரப்ப வேண்டாம். என்னை நம்பிக்கூட நிரப்ப வேண்டாம். ஆனால் அந்த வரியைக் கடந்து போகும்போது தெரிந்திருக்கட்டும்: அன்று படகு போனது. உப்பு பதினொன்று. இரண்டு தரம் அளந்தார்.